ரோமம் காயும் வரை

என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளோடு இரண்டு ஆடுகளும் வந்தன. இரண்டும் கறுப்பு. உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக ரோமம் அடர்ந்த கம்பளி ஆடுகள். பெண்ணுக்குச் சீராகப் பசுமாடு கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆடு கொடுத்து எங்கள் நெசவாளர் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு இழுபட்டுக்கொண்டு வந்த அந்த இரண்டையும் பார்க்க, தெருக்காரர்கள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று சிரித்தார்கள். வண்டிக்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். ஆனால் ஆடு கத்தும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

மாமனார் தென்னேரிக்காரர். எங்களைப் போலப் பட்டுத் தறி இல்லை, நூல் தறி. மில் துணி வந்து நிரம்பிய பிறகு தறியை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. ஏரி ஓரத்தில் புல் கிடந்தது. மேற்கிலிருந்து ஆடு ஓட்டிக்கொண்டு வரும் குறும்பர்களிடம் கொஞ்சம் ஆடு வாங்கினார். அது பெருகி ஒரு சின்ன மந்தை ஆயிற்று. கத்தரித்த ரோமத்தை அந்தக் குறும்பர்களே எடுத்துப் போய்க் கம்பளி நெய்வார்கள். அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது. மேய்த்தது, கழுவியது, ரோமம் கத்தரித்தது எல்லாம் மூத்த மகள்தான். அவளைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் எங்களுடையது நீளமான ஓட்டு வீடு. கூடத்தில் மூன்று தறிகள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் குழந்தைகள், என் தங்கை, நாங்கள் இருவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆள் மேல் இடித்துக்கொள்வோம். புருஷனும் பெண்சாதியும் பகலில் பேசிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவள் பின்கட்டில் அண்ணியோடு உட்கார்ந்து ராட்டையில் பட்டு சுற்றுவாள். நான் முன்கூடத்தில் தறியில் இருப்பேன். அவள் குரலை நான் அதிகம் கேட்டதே அவள் ஆடுகளோடு பேசும்போதுதான். “இன்னாடி, தண்ணி குடிக்கல? கோவமா?” என்று கொல்லையில் கேட்கும். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கக்கூடாதா என்று இருக்கும். தறி நின்றுவிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார்.

கல்யாணமான முதல் தை மாதம். தெருவில் பாவு போட்டிருந்தோம், தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகள். நல்ல அரக்கு நிறம், ஒரு கல்யாணப் புடவைக்கு. விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை காய்ந்துகொண்டிருந்தது. யார் கொல்லைக் கதவைத் திறந்து விட்டார்களோ தெரியாது. இரண்டு ஆடுகளும் சந்து வழியாக ஓடி வந்து, நிழல் என்று நினைத்தோ என்னவோ, பாவுக்கு அடியில் புகுந்து முதுகைத் தேய்த்துக்கொண்டு போயின. ஈரப் பட்டில் கறுப்பு ரோமம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று காலை முழுவதும் வீட்டில் இருந்த எல்லோரும், பக்கத்து வீட்டுக்காரர்களும்கூட, பாவின் இரண்டு பக்கமும் நின்று ஒவ்வொரு ரோமமாகப் பொறுக்கினோம்.

அப்பா சத்தம் போடவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார். “உன் மருமவகிட்ட சொல்லு. ஒண்ணு அந்த மசுர வெட்டணும். இல்லாங்காட்டி ஆட்ட ஓட்டிவுடணும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் பதில் சொன்னாள். “இப்ப வெட்டக்கூடாதுங்க மாமா. பனி இருக்குது. மேல மசுரு இல்லாம பனில நின்னா சளி புடிச்சி செத்துடும். மாசி கடைசில வெட்டலாம். அதுக்கு மேல வுட்டா வெயில்ல உண்ணி ஏறிடும்.”

அவள் குரல் கூடத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் தறிக்காரர். பனிக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டுத்தான் பாவு போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். “சரிம்மா. ஆனா வூட்டுல வேணாம். ஒரு மசுரு உள்ள வரக்கூடாது. செவிலிமேட்டுப் பக்கம் ஆத்துக்கு ஓட்டிக்கினு போயி வெட்டு” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். “ஆட்டப் புடிச்சிக்க ஒரு ஆளு வேணும். அமாவாசைல தறி இல்ல. நீ போ.”

“அமாவாசைல கத்திரி வெக்கறதா?” என்று அம்மா இழுத்தாள்.

“மனுசனுக்குத்தான் நாளு, கெழம எல்லாம். ஆட்டுக்கு இன்னா?” என்றார் அப்பா.

‘நீ போ’ என்ற அந்த ஒரு வார்த்தையில் அவர் எனக்கு என்ன கொடுத்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மாசி அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலமே அவள் ஆடுகளுக்குத் தீனி வைக்கவில்லை. வயிறு நிறைந்திருந்தால் படுக்க வைக்கும்போது மூச்சு முட்டும், உதைக்கும் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னாளா என்று தெரியாது. மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நான் முன்னால், ஆடுகள் நடுவில், அவள் பின்னால். தெரு முடியும்வரை அப்படி நடந்தோம். செவிலிமேடு தாண்டிய பிறகு அவள் மெல்ல மெல்ல என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

பாலாறு பெரும்பாலும் மணல்தான். அந்த வருஷம் ஓரமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. முழங்கால் ஆழம், கண்ணாடி மாதிரி. அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஆட்டைத் தண்ணீரில் இறக்கினாள். நான் கொம்பைப் பிடித்துக்கொள்ள, அவள் ரோமத்தைப் பிரித்துப் பிரித்து அலசினாள். முள், நெருஞ்சி, உலர்ந்த புழுக்கை, மண் எல்லாம் கரைந்து போயின. தண்ணீர் கொஞ்ச தூரத்துக்குக் காபி நிறத்தில் ஓடியது. சோப்பு எதுவும் கூடாது, ரோமத்தில் இருக்கிற எண்ணெய் போய்விட்டால் நூற்க வராது என்றாள். இரண்டையும் கழுவி முடித்து, சுத்தமான மணலில் முளை அடித்துக் கட்டினோம்.

“இப்ப வெட்டலாமா?” என்று கேட்டேன்.

“ஈரத்துல வெட்டக்கூடாது. கத்திரி வழுக்கும். மசுரும் மூட்டைல அழுவிடும். காயணும்.”

“எவ்வளோ நேரம் ஆவும்?”

அவள் வானத்தைப் பார்த்தாள். “மத்தியானம் தாண்டும்.”

மத்தியானம் தாண்டும்வரை எங்களுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. சுற்றி ஒரு ஆள் இல்லாமல், கையில் ஒரு வேலை இல்லாமல் நாங்கள் உட்கார்ந்தது அன்றுதான். ஆடுகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அவள்தான் வாயைத் திறந்தாள்.

“பட்டுப் பூச்சிய உசுரோட கொதிக்கிற தண்ணில போடுவாங்களாமே? நெசமா?”

“மைசூர்ப் பக்கம் அப்டித்தான் செய்றாங்களாம். நான் பாத்ததில்ல. எங்க கைக்கு வரும்போது நூலாத்தான் வருது.”

அவள் ஆட்டைத் தடவினாள். “இதுக்கு அந்தத் தொந்தரவு இல்ல. எடுத்ததும் எழுந்து ஓடிடும்.”

அதிலிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றது, தெருக்கோடி வாத்தியாரிடம் புத்தகம் இரவல் வாங்கிப் படிப்பது, கடல் பார்த்ததில்லை என்பது, இதெல்லாம் அவளுக்குச் சொன்னேன். இதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. படித்த கதை ஒன்றைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். நடுநடுவே எழுந்து போய் ரோமத்துக்குள் விரல் விட்டுப் பார்ப்பாள். “மேல காஞ்சிடுச்சி. அடில ஈரமா இருக்குது” என்று வந்து உட்காருவாள். கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவார்கள். அன்று ஒரே பாத்திரத்தில் இரண்டு பேர் கையும் போயிற்று.

வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் கத்திரியை எடுத்தாள். வில் மாதிரி வளைந்த ஒற்றை இரும்பில் அடித்தது, அவள் அப்பா கொடுத்தனுப்பியது. சாக்கை விரித்து மூத்த ஆட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்கால் இரண்டையும் ஒரு பின்காலையும் துணியால் தளரக் கட்டினாள். தலையை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அடிவயிற்றில் ஆரம்பித்தாள். இடது உள்ளங்கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்திரியைத் தோலோடு படுக்க வைத்து, நீளமாக ஒரே வெட்டு. விட்ட இடத்தில் மறுபடி வெட்டமாட்டாள். இரண்டாவது வெட்டில் வருவது துண்டு துண்டாகத்தான் வரும், அது நூலுக்கு ஆகாது. வயிற்றிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து முதுகெலும்புவரை. அப்புறம் புரட்டிப் போட்டு அடுத்த பக்கம். மேலே வெயில் பட்டுப் பழுப்பேறிய ரோமம் மடிந்து விழ விழ, உள்பக்கம் மை போலக் கறுப்பாக வந்தது. கழுத்து மடிப்புக்கும் தொடை இடுக்குக்கும் வந்தபோது கையின் வேகத்தைக் குறைத்துவிட்டாள். அங்கே தோல் வெற்றிலை மாதிரி இருக்கும்.

இரண்டாவது ஆடு இளசு. கத்திரிச் சத்தம் கேட்டதும் திமிறியது. பின்கால் கட்டு அவிழ்ந்து, என் மார்பில் உதைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தது. எனக்கு மூச்சு அடைத்தது.

“புடி!” என்று கத்தினாள். “வுடாத! கழுத்தப் புடி, உன் முட்டிய போடு மேல!”

பிடித்தேன். அவள் காலைத் திரும்பக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வீட்டில் ‘ஏங்க’ என்றுகூடக் கூப்பிடாமல், வளையலை அசைத்துக் கூப்பிடுகிறவள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆட்டின் மேல் கவிழ்ந்துகொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு அவளுக்குள் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தொடையில் ஒரு இடத்தில் கீறல் பட்டிருந்தது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினாள். ரோமம் போன ஆடுகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முகர்ந்து பார்த்தன. மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். ஆற்றிலேயே குளித்து, துணியை உதறி, தலைமுடியில்கூட ஒரு இழை இல்லை என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்ட பிறகு நடந்தோம். என் கை இரண்டிலும் ஆட்டு ரோமத்தின் பிசுக்கு. மறுநாள் சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகுதான் பட்டைத் தொட முடிந்தது.

வருஷத்துக்கு இரண்டு தடவை கத்தரிக்க வேண்டும். மாசிக் கடைசியில் ஒன்று. ஆவணியில் ஒன்று, ஐப்பசி மழைக்குள் கொஞ்சம் வளர்ந்து உடம்பைக் காக்கிற மாதிரி. நடுவில் இருக்கும் மாதங்களில் வீட்டில் நாங்கள் பழைய மாதிரிதான். நான் தறியில், அவள் ராட்டையில். ஆனால் கொல்லைக்குப் போகும்போதெல்லாம் ஆட்டின் ரோமம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று விரலால் அளந்து பார்ப்பேன். ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததை அண்ணி பார்த்துவிட்டு, “இன்னா கொழுந்தனாரே, ஆட்டு மேல இவ்ளோ பாசம்?” என்றாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த என் மனைவி திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

ஆவணியில் போனோம். அடுத்த மாசியில் போனோம். ஆடுகள் குட்டி போட்டுப் பெருகின. குட்டி போடும் சமயம் நெருங்கிய ஆட்டைக் கத்தரிக்கக் கூடாது என்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டிப் போவோம். ஒரு ஆவணியில் வெயில் நெருப்பாகக் காய்ந்தது. ரோமம் சீக்கிரமே காய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. நானும் விரல் விட்டுப் பார்த்தேன். அவள் எழுந்து வந்து, அதே ரோமத்துக்குள் கை விட்டு, என்னைப் பார்க்காமல், “இன்னும் காயல” என்றாள். நான் போய் மறுபடி மணலில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்புறம் மழை பொய்த்த வருஷம் வந்தது. பாலாற்று வாய்க்கால் மணலுக்குள் இறங்கிவிட்டது. தென்னேரியில் ஏரி வற்றி, புல் கருகி, மிஞ்சியிருந்த மந்தையில் அம்மை விழுந்தது. வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் சேதி கொண்டு வந்தார், மாமனார் பட்டியில் ஒரு ஆடு மிச்சமில்லை என்று. அவள் அழவில்லை. சாயங்காலம் கிணற்றடியில் நான் கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நம்ப ஆட்ட அப்பாவுக்குக் குடுத்துடலாமா? அவுருக்கு மறுபடியும் ஆரம்பிக்க ஏதாவது வேணும்ல.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு ரெண்டு குடுத்தா மந்தை ஆவாது.”

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டேன். “அப்ப ஆத்துக்கு?”

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். “ஆடு இல்லாம எப்டிப் போறது?” என்றாள்.

அடுத்த அமாவாசையில் ஐந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு தென்னேரிக்கு நடந்தோம். அந்த ஒரு நாளாவது வழி நெடுக எங்களுடையது என்று நினைத்திருந்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் வாலாஜாபாத் எண்ணெய் வியாபாரி ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். நல்ல மனிதர். தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய கதையை ஆரம்பித்தார். ஒவ்வொரு மாப்பிள்ளையாக, ஊர், வீடு, வேண்டாம் என்றதற்குக் காரணம் எல்லாம் சொல்லி, வாலாஜாபாத் சந்தைவரை விடவில்லை. நான் ‘ம்’ கொட்டிக்கொண்டு நடந்தேன். அவள் பின்னால் ஆடுகளோடு வந்தாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை அவளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமனார் ஆடுகளின் காதை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அவள் சில நாள் அங்கேயே இருந்தாள். நான் மறுநாள் தனியாகத் திரும்பினேன்.

மாசி அமாவாசை வந்தது. அம்மாவிடம் நானே போய், “பழைய கம்பளி, பாய் எல்லாம் அழுக்கா கெடக்குது. ஆத்துக்குக் கொண்டு போயி தோச்சிக்கினு வரலாம்” என்றேன். ஊற்று தோண்டினால் தண்ணீர் வரும் என்றும் சொன்னேன்.

“நல்லதுதாம்பா” என்றாள் அம்மா. “ஆனா துணி தோய்க்க நீ எதுக்கு? உன் தங்கச்சி போவட்டும் கூட.”

ஆட்டைப் பிடிக்க ஆண்பிள்ளை வேண்டும். கம்பளியைப் பிடிக்க வேண்டாம். மூட்டையோடு அவர்கள் இரண்டு பேரும் போனார்கள். நான் தறி இல்லாத நாளில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார்கள். என்னைத் தாண்டி உள்ளே போகும்போது, அவள் என் தங்கையிடம் சொல்கிற மாதிரி, “சீக்கிரம் காஞ்சிடுச்சி” என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் மூத்த பையன் பிறந்தான். அப்புறம் இரண்டு பெண்கள். முப்பதுகளில் அப்பா இருக்கும்போதே பாகம் பிரிந்து, அதே தெருவில் எங்களுக்கென்று ஒரு சின்ன வீடும் ஒரு தறியும் ஆயிற்று. நல்ல குடும்பம்தான் நடத்தினோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்போது நாங்கள் நாள் முழுக்கப் பேசினோம்: அரிசி, ஜரிகை, சின்னவளுக்குக் காது குத்துவது, கூரையில் ஓடு மாற்றுவது. எனக்கு அந்த மணல் வேண்டியிருந்தது. ஒரு ஐப்பசி சந்தையில் கம்பளி ஆடு ஒன்றைப் பார்த்ததும் வாங்கிவிட்டேன்.

அவள் ஆட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். “இன்னாத்துக்கு இது? யாரு மேய்க்கறது?” என்றாள். ஆனால் கை தானாக அதன் ரோமத்துக்குள் போயிற்று. மாசி வந்ததும் ஆற்றுக்குப் போகலாம் என்றேன். குழந்தைகளை விட்டுவிட்டா என்றாள். கொல்லையிலேயே, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, கயிற்றில் கட்டிக் காயவிட்டு, அவள் சமையலைப் பார்க்கப் போனாள். கத்தரிக்கும்போது பையன் தலையைப் பிடித்துக்கொண்டான், பெண்கள் இரண்டும் கைகொட்டின. சின்னவள் தன் அம்மாவின் முதுகில் தொங்கினாள். அவள் கை பழைய மாதிரியே ஓடியது. ஒரு பொழுதில் முடிந்துவிட்டது. வீடே சிரித்தது. நான் ரோமத்தை மூட்டையில் அடைத்தேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவளிடம் கேட்டேன். “ஆத்து மணல்ல உக்காந்துக்கினு இருப்போமே, அப்ப நீ இன்னா நெனச்சிக்கினு இருப்ப?”

அவள் யோசிக்கவே இல்லை. “எங்க ஏரிய நெனச்சிக்கினு இருப்பேன். அங்கேருந்து கெழக்கால பாத்தா எங்க ஊரு பக்கந்தான? மேகம் கட்டுதான்னு பாப்பேன். உங்க வூட்டுல எந்தப் பக்கம் பாத்தாலும் சுவரு. அங்கதான் வானம் முழுசாத் தெரியும்.”

“நான் பேசினதெல்லாம்?”

“அதையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்” என்று சொல்லி என் முழங்கையைத் தட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பொழுதும் அவள் வேறொன்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் கேட்காமல் இருந்துவிட்டோமே என்றுதான் இருந்தது. எனக்கு ஒரு ஏக்கம் இருக்கிற மாதிரி, அதைவிடப் பெரிதாக, அதைவிடப் பழையதாக ஒன்று அவளுக்கும் இருந்திருக்கிறது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. தென்னேரி ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியே போகிறது என்று கேள்விப்பட்டதும், பையனையும் பெண்களையும் அண்ணி வீட்டில் விட்டுவிட்டு வண்டி பிடித்தேன். எங்கே என்று அவள் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு வாலாஜாபாத் வரும்வரை அவள் வண்டிக்கு வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி மேலே ஏறினாள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். காற்றில் சின்னச் சின்ன அலை. அவள் கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்து போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

இப்போது அவள் இல்லை. அவள் போய்ப் பல வருஷம் ஆகிறது. அன்று ஏரிக்கரையில் அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போல இருந்தது. போகவில்லை. வண்டிக்காரரிடம் அவசரம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, மாட்டை அவிழ்த்து மேய விடச் சொன்னேன்.